டெண்டரில் பி.எம்.பி 40 (பாலிமர் கலந்த சாலைத் தார்), டேங்கரில் பி.எம்.பி 70-10: எது எதற்குச் சமம் என்று அட்டவணை இருக்கிறதா?

கிடையாது. வாட்ஸ்அப்பில் யாராவது ஒன்றை அனுப்பினாலும் அதை நம்பிக் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.

குழப்பம் எங்கே என்றால், உங்கள் டெண்டர் இந்தத் தாருக்கான இந்தியத் தரமான ஐ.எஸ் 15462-ன் 2004 பதிப்பை ஒட்டியது. இந்தியச் சாலைகள் காங்கிரசின் எஸ்.பி 53 வழிகாட்டியின் 2010 பதிப்பிலும் அதே பழைய கிரேடுகள்தான். ஆலைக்காரரோ 2019-ல் திருத்திய தரத்தின்படி சரக்கு அனுப்புகிறார். பழைய பி.எம்.பி 40-ல் வரும் 40 என்பது 25 டிகிரியில் தாருக்குள் ஊசி எவ்வளவு இறங்குகிறது என்ற அளவு, சி.ஆர்.எம்.பி (ரப்பர்த்தூள் கலந்த தார்) 55-ல் வரும் 55 என்பது சாஃப்டனிங் பாயிண்ட், அதாவது தார் இளகத் தொடங்கும் டிகிரி. ஆக, ஒரே தர நூலிலேயே ஒரு கிரேடுக்கு ஒரு கணக்கு. புதிய 70-10-ல் 70 என்பது வெயிலில் ரோடு தாங்க வேண்டிய டிகிரி, 10 என்பது குளிரில் மைனஸ் பத்து. ஆகவே பழைய பி.எம்.பி 70-ம் புதிய 70-10-ம் பெயரில்தான் உறவு. பழைய பி.எம்.பி-யில் எண் கூடினால் தார் இளகல், புதியதில் எண் கூடினால் வெயிலை அதிகம் தாங்கும்.

எதற்காக மாற்றினார்கள் என்றால், மெழுகையோ கெட்டியான பாலித்தீனையோ கலந்தாலும் சாஃப்டனிங் பாயிண்ட் ஏறிவிடும், ஆனால் லாரி ஏறி இறங்கியபின் தார் பழைய நிலைக்குத் திரும்புமா என்பதை அந்தச் சோதனை சொல்லாது. இப்போது எம்.எஸ்.சி.ஆர் என்று, தாரைத் திரும்பத் திரும்ப அழுத்தி விட்டுப் பார்க்கும் சோதனை வந்திருக்கிறது: 163 டிகிரியில் சுழற்றி முதுமையாக்கிய தாரை, முறுக்கி அளக்கும் டி.எஸ்.ஆர் கருவியில் வைத்து ஒரு விநாடி அழுத்தி ஒன்பது விநாடி விட்டுப் பார்ப்பார்கள். திரும்பாமல் தங்கிவிட்ட நெகிழ்வுதான் பின்னால் சக்கரத் தடமாகப் பள்ளம் விழுவதைக் காட்டிக்கொடுக்கும்.

சரி, இதில் எனக்குக் கோபம் வருகிற இடம் ஒன்று உண்டு. பெயரை மட்டும் மாற்றிவிட்டு வழிகாட்டியைப் புதுப்பித்துவிட்டோம் என்றால் ஆயிற்றா? சைட் லேபில் இருப்பது ஊசி இறக்கிப் பார்க்கும் பெனட்ரோமீட்டரும், சாஃப்டனிங் பாயிண்ட் பார்க்கும் வளையமும் குண்டும்தான். டி.எஸ்.ஆர் லட்சக்கணக்கில் விலை, ஒவ்வொரு ஒப்பந்தக்காரரும் வாங்கப் போவதில்லை. மாதிரியை யார் எடுப்பது, எந்த லேபுக்கு அனுப்புவது, ரிசல்ட் வரும்வரை டேங்கர் நிற்குமா, இதையெல்லாம் எழுதாத வழிகாட்டி அலமாரிக்குத்தான்.

உங்கள் வேலைக்கு: சமம் தேடாதீர்கள். அந்த ஊரின் வெயிலையும் ஓடும் கனரக வண்டிகளையும் வைத்துப் புதிய கிரேடைத் தேர்ந்து, கிரேடு மாற்றத்துக்குத் துறையிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள், வாய்வார்த்தை பில் போடும்போது உதவாது. டேங்கர் வந்தவுடன் இரு தரப்பும் சேர்ந்து மாதிரி எடுத்து முத்திரையிட்டு வையுங்கள். அதற்குமேல் தாரை நாள்கணக்கில் சூடாக்கி வைத்துவிட்டு ஆலையைக் குறை சொல்லக்கூடாது, நீண்ட சூட்டில் பாலிமர் கெட்டுப்போகும்.

அப்புறம் சி.ஆர்.எம்.பி-யைத் தனியாக ஐ.எஸ் 17079-க்குக் கொண்டுபோய்விட்டார்கள், அதைப் புதிய 15462-ல் தேடாதீர்கள். ரப்பர் அடியில் தங்கும், கலக்கி இல்லாத டேங்கில் வைக்கவே வேண்டாம்.

மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியின் பேராசிரியர் வாசுதேவன் கொண்டுவந்த பிளாஸ்டிக் ரோடும் இதுதானா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை. அதில் பிளாஸ்டிக் சூடான ஜல்லியின்மேல் பூசப்படுகிறது, தாரில் கலப்பதில்லை. அதற்கு இந்தியச் சாலைகள் காங்கிரசின் எஸ்.பி 98 என்று 2013-ல் வந்த வேறு வழிகாட்டி இருக்கிறது.