கேஸ் தீர்ந்துபோவதில்லை
வாசகர் கேள்வி–பதில்: கார் ஏசி

கேள்வி: குளிர் குறைந்துவிட்டது என்று போன வருஷம் கார் ஏசிக்கு கேஸ் நிரப்பினேன். இந்த வருஷமும் அதே கதை. வருஷா வருஷம் கேஸ் தீர்வது சகஜம்தானே? ஹோஸும் அழுத்தம் காட்டும் கேஜும் வைத்த கேஸ் கேன் தனியாக விற்கிறார்கள். வாங்கி நானே அடித்துக்கொள்ளலாமா?

பதில்: பெட்ரோல் எரிந்து தீரும். ஏசி கேஸ் எரிவதும் இல்லை, தேய்வதும் இல்லை. கேஸை அழுத்தும் கம்ப்ரஸர், முன் கிரில்லுக்குப் பின்னால் வெப்பத்தை வெளியேற்றும் கண்டென்சர், உள்ளே வரும் காற்றைக் குளிர்விக்கும் கூலிங் காயில் என்று மூடிய குழாய்க்குள் அதே கேஸ்தான் திரும்பத் திரும்பச் சுற்றுகிறது. ரப்பர் ஹோஸ் வழியாகவும் கம்ப்ரஸரின் ஷாஃப்ட் சீல் வழியாகவும் கொஞ்சம் கசியும், உண்மைதான். ஆனால் அது குளிரில் தெரிய ஆண்டுகள் பல ஆகும். ஒரே வருஷத்தில் காலியாகிறது என்றால் எங்கோ லீக் இருக்கிறது. அதை விட்டுவிட்டு நிரப்பிக்கொண்டே இருப்பது காசைக் காற்றில் விடுவதுதான்.

கேன் வாங்கும் முன்னால் லீக்கைத் தேடுங்கள். அதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். குழாய்க்குள் கேஸோடு கம்ப்ரஸர் ஆயிலும் சேர்ந்தே சுற்றுகிறது. கேஸ் கசியும் இடத்தில் ஆயிலும் மெல்ல வெளியே வரும். அதன்மேல் தூசி ஒட்டும். பானெட்டைத் திறந்து, எஞ்சின் ஆறியபின், டார்ச் அடித்துப் பாருங்கள். சுற்றிலும் காய்ந்த தூசியாக இருக்க, ஒரு ஜாயின்ட்டில் மட்டும் கறுப்பாக, பிசுபிசுப்பாக அழுக்கு திரண்டிருந்தால் அதுதான் நம் ஆள். கண்டென்சரின் கீழ் ஓரம், கம்ப்ரஸர் புல்லியின் பின்பக்கம், ஹோஸும் அலுமினியக் குழாயும் சேரும் மடிப்பு, இவற்றை விடாதீர்கள். அப்புறம், கேஸ் ஏற்றும் வால்வின் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றுங்கள். உள்ளே ஆயில் ஈரம் இருந்தால் அந்தச் சின்ன ஊசி வால்வே கசிகிறது. அந்த மூடி அழகுக்காக இல்லை, அதுவும் ஒரு சீல். மூடி தொலைந்துபோன வண்டிகளை நான் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறேன்.

லீக் பெரிதாக இருந்தால் சோப்புத் தண்ணீரில் குமிழி வரும். சின்ன லீக்குக்கு, கேஸோடு ஏற்றும் சாயமும் புற ஊதா டார்ச்சும் வேண்டும்.

இனி கேன். அதில் உள்ள கேஜ்தான் ஆளை ஏமாற்றும். எஞ்சின் நிற்கும்போது, குழாய்க்குள் ஒரு சொட்டு திரவம் மிச்சம் இருக்கும் வரை, அழுத்தம் என்பது வெப்பநிலையைத்தான் காட்டும், அளவை அல்ல. 30 டிகிரி வெயிலில் ஆர்-134ஏ என்ற ஏசி கேஸ் பாதி இருந்தாலும் முழுதாக இருந்தாலும் கேஜ் 97 பிஎஸ்ஐ அளவில்தான் நிற்கும். நிற்கிற வண்டியில் கேஜைப் பார்த்து ‘கேஸ் கம்மி’ என்று சொல்பவர் ஊகித்துத்தான் சொல்கிறார். ஓடும்போது பார்க்கலாம், ஆனால் கம்ப்ரஸருக்குள் போகும் பக்கத்தின் லோ பிரஷர், வெளியே வரும் பக்கத்தின் ஹை பிரஷர் இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கேனில் இருப்பது லோ பிரஷர் கேஜ் மட்டும். கண்டென்சரைக் குளிர்விக்கும் மின்விசிறி ஓடாத காரில் லோ பிரஷர் ஏறியே காட்டும், கேஸ் உண்மையிலேயே குறைந்திருந்தாலும்கூட.

பானெட்டின் உள்பக்கமோ ரேடியேட்டர் மேலோ ஒரு ஸ்டிக்கர் இருக்கும். எந்த கேஸ், எத்தனை கிராம் என்று அதில் எழுதியிருக்கும். பெரும்பாலான கார்களில் அரைக் கிலோவை ஒட்டித்தான் அளவு. இவ்வளவு குறைந்த அளவில் 100 கிராம் கூடினாலே குளிர் குறையும், கம்ப்ரஸருக்கும் பாரம் ஏறும். ஆகவே சரியான வழி ஒன்றுதான்: இருப்பதை மெஷினில் வெளியே எடுத்து, லீக்கை அடைத்து, வேக்கம் போட்டு (அதாவது உள்ளே இருக்கும் காற்றை பம்ப்பால் உறிஞ்சி எடுத்து), ஸ்டிக்கரில் உள்ள அளவை எடைபோட்டு ஏற்றுவது. அரை மணி நேரமாவது வேக்கம் போடாமல் விட்டால் உள்ளே போன காற்றும் ஈரமும் அங்கேயே தங்கிவிடும். போட்டு முடித்ததும் வேக்கம் அப்படியே நிற்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். அழுத்தம் ஏறி வந்தால் லீக் இன்னும் இருக்கிறது.

‘லீக் ஸ்டாப்’ என்று ஒரு டப்பா விற்பார்கள். அதை ஊற்றாதீர்கள். அடுத்து வேலை பார்ப்பவரின் மெஷினையும் சேர்த்து அடைத்துவிடும். தெரிந்தால் உங்கள் வண்டியைத் தொடவே மாட்டார்.

கேள்வி: கார் ஓடும்போது ஜில்லென்று இருக்கிறது. சிக்னலில் நின்றால் சூடான காற்று வருகிறது. கேஸ் குறைவுதானே?

பதில்: இருக்கலாம், ஆனால் முதல் சந்தேகம் அதன்மேல் வேண்டாம். வண்டி ஓடினால் எதிர்க்காற்று கண்டென்சரைக் குளிர்விக்கும். நின்றால் அந்த வேலையை மின்விசிறிதான் செய்ய வேண்டும். எஞ்சினையும் ஏசியையும் போட்டுவிட்டு இறங்கி, விசிறி சுற்றுகிறதா என்று பாருங்கள். சுற்றவில்லையா? முதலில் ஃபியூஸ், அடுத்து ரிலே. ஃபியூஸ் பெட்டியில் அதே நம்பர் போட்ட வேறு ரிலே, ஹாரனுடையதாக இருந்தாலும் சரி, இருந்தால் மாற்றிப் போட்டுப் பாருங்கள். விசிறி எந்த நொடியிலும் தானாகச் சுற்றத் தொடங்கும். கையையும் துணியையும் தள்ளியே வையுங்கள்.

விசிறி சுற்றினால் கண்டென்சரின் முகத்தைப் பாருங்கள். பூச்சியும் மண்ணும் சருகும் அடைத்திருக்கும். ஒரு சோதனை சொல்கிறேன், எனக்கு மிகவும் பிடித்தது. எஞ்சினும் ஏசியும் ஓடிக்கொண்டிருக்கும்போது, ஒருவரை உள்ளே உட்காரவைத்து, முன் கிரில் வழியாகக் கண்டென்சர்மேல் குழாயில் மெதுவாகத் தண்ணீர் விடுங்கள். ஒரு நிமிஷத்துக்குள் உள்ளே இருப்பவர் “ஜில்லுனு வருது” என்று குரல் கொடுத்தால், வெப்பம் வெளியேறாததுதான் கோளாறு. கேஸ் வேலையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். கழுவும்போது அழுத்தம் கூடிய பம்ப் வேண்டாம். மெல்லிய அலுமினியத் தகடுகள் மடங்கினால் காற்றுப் போக வழி இல்லாமல் போகும்.

கேள்வி: முதல் அரை மணி நேரம் பிரமாதம். அப்புறம் காற்றே வருவதில்லை. கொஞ்ச நேரம் நிறுத்திவைத்தால் மறுபடி வருகிறது.

பதில்: கூலிங் காயிலில் பனி கட்டுகிறது. அது உருகும் வரை காற்றுக்கு வழி இல்லை. ஃபில்டர் அடைத்துக் காயில்மேல் காற்று போதாமல் போனால் இப்படி ஆகும். டேஷ்போர்டு பெட்டிக்குப் பின்னால் இருக்கும் கேபின் ஃபில்டரை உருவிப் பாருங்கள். பல கார்களில் ஸ்க்ரூ டிரைவர்கூடத் தேவைப்படாது. கறுத்துக் கனத்திருந்தால் புதிது போடுங்கள். போட்டும் தீரவில்லை என்றால், காயிலின் குளிரை அளந்து கம்ப்ரஸரை நிறுத்தச் சொல்லும் சென்சாரைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: ஏசி போட்டால் முன் சீட்டின் காலடியில் தண்ணீர் தேங்குகிறது. கேஸ் லீக்கா?

பதில்: கேஸ் அப்படித் தேங்காது, வெளியே வந்ததும் ஆவியாகிவிடும். கூலிங் காயிலில் படியும் தண்ணீரை வெளியே விடும் வடிகால் குழாய் அடைத்திருக்கிறது. காரின் அடியில் அதன் முனையைத் தேடி, வளையக்கூடிய மெல்லிய வயரால் மெதுவாகக் குத்தினால் சடாரென்று கொட்டும். முகத்தைத் தள்ளி வையுங்கள். தண்ணீர் வழவழப்பாக, இனிப்பு வாசனையோடு இருந்தால் அது எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட்; கோளாறு ஹீட்டர் பக்கம்.

கேள்வி: கம்ப்ரஸரை நானே மாற்றப்போகிறேன். இரண்டு குழாய், நான்கு போல்ட்தானே? எனக்கு ஸ்பானர் பிடிக்கத் தெரியும்.

பதில்: போல்ட்டில் கஷ்டம் இல்லை. அந்தக் குழாயைத் தளர்த்தும் நொடியில் உள்ளே இருப்பது பீய்ச்சி அடிக்கும். ஆர்-134ஏ மைனஸ் 26 டிகிரியில் கொதிப்பது. கண்ணில் பட்டால் உறையவைத்துவிடும். அதைக் காற்றில் விடுவது பல நாடுகளில் குற்றமும்கூட, ஏனென்றால் அது புவியைச் சூடாக்கும் திறன் கார்பன் டை ஆக்சைடைப் போல் ஆயிரம் மடங்குக்கும் மேல். புதிய கார்களில் வரும் ஆர்-1234ஒய்எஃப் அந்த விஷயத்தில் நல்ல பிள்ளை, ஆனால் தீப்பற்றும்.

முதலில் மெஷினில் கேஸை எடுக்கச் சொல்லிவிட்டு, அப்புறம் நீங்கள் கழற்றினால் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் பழைய கம்ப்ரஸர் ஏன் போனது என்று பாருங்கள். குழாயில் உலோகத் துகள் தெரிந்தால் கண்டென்சரையும் மாற்றாமல் புதியதைப் போடாதீர்கள். அதே துகள் புதியதையும் தின்றுவிடும். குழாய் இணைப்பில் சீலாக இருக்கும் ஓ-ரிங், ஈரத்தை உறிஞ்சும் டிரையர் இரண்டும் புதிதாக வேண்டும். குழாய் வாய்களைத் திறந்த உடனே மூடிவையுங்கள், அந்த ஆயில் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும்.

உங்களுடையது ஹைப்ரிட் அல்லது மின்சாரக் கார் என்றால் மேலே சொன்னதை மறந்துவிடுங்கள். அங்கே கம்ப்ரஸருக்குப் போகும் ஆரஞ்சு வயரில் உயர் மின்னழுத்தம் இருக்கிறது, ஆயிலும் வேறு. சாதாரணக் காரின் ஆயிலை ஊற்றினால் மோட்டாரின் மின்காப்பு கெடும். அதைப் பயிற்சி பெற்றவரிடமே விடுங்கள்.