நாற்பத்தேழு வயதில் வானிலிருந்து குதிக்கலாமா?

கேள்வி: தாமிரபரணிப் படித்துறையில் குதித்து வளர்ந்த எனக்கு இப்போது 47 வயது. விமானத்திலிருந்து பாராசூட்டுடன் குதிக்கக் கற்க விரும்புகிறேன். இயலுமா?
- வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: தாராளமாக இயலும். இரத்த அழுத்தம், இதயம், மூட்டுகள் ஆகியவற்றை மருத்துவரிடம் காட்டி ஒப்புதல் பெற்றபின், முதலில் பயிற்றுநரோடு பிணைக்கப்பட்டுக் குதிக்கும் 'டேண்டம்' முறையில் தொடங்குங்கள். பிறகு தனியாகக் குதிக்கும் பயிற்சியில், சுமார் 13,000 அடியிலிருந்து மணிக்கு ஏறத்தாழ 190 கிலோமீட்டர் வேகத்தில் விழுந்துகொண்டே, மணிக்கட்டில் கட்டிய உயரமானியைப் பார்த்து, ஏறத்தாழ 5,000 அடியில் நீங்களே பாராசூட்டை விரிக்க வேண்டியிருக்கும். ஆற்றில் குதித்த பழக்கம் இங்கே உதவாது என்பதே என் கருத்து; அங்கே உடலைக் குறுக்கிப் பாய்வோம், இங்கேயோ வயிறு தரையை நோக்க, இடுப்பை முன்தள்ளி, கைகால்களை விரித்து, உடலை வில்லாக வளைத்தால்தான் புரளாமல் விழ முடியும். இதை வீட்டில் பாயில் குப்புறப் படுத்தே பழகலாம்.

உங்கள் வயதில் நான் மிகவும் கவலைப்படுவது தரையிறங்குவதைப் பற்றித்தான். தரையை நெருங்கியதும், பயிற்றுநர் சொல்லும் கணத்தில், இரு கட்டுப்பாட்டுப் பிடிகளையும் ஒருசேரக் கீழே இழுத்து வேகத்தைத் தணிக்க வேண்டும். கால்களைச் சேர்த்து, முழங்கால்களைச் சற்று மடித்து வையுங்கள். விழ நேர்ந்தால் கையை ஊன்றாதீர்கள், உருண்டுவிடுங்கள். மாற்றுப் பாராசூட்டும், அதைத் தானாக விரிக்கும் கருவியும் இல்லாத இடத்தில் தயவுசெய்து சேராதீர்கள்.