புழுவைப் படித்து என்ன ஆகும்?

ஐயா, வணக்கம். பிளஸ் டூ படிக்கும் உங்கள் மகள் நீட் வேண்டாம், உருளைப்புழு ஆராய்ச்சிதான் வேண்டும் என்கிறாள். "புழுவுக்கா நான் ஃபீஸ் கட்டணும்?" என்று எழுதியிருக்கிறீர்கள். கேள்வியில் தப்பில்லை. முதலில் அந்தப் புழுவைப் பார்த்துவிடுவோம்.

பெயர் சீனோராப்டிடிஸ் எலிகன்ஸ். நீளம் ஒரு மில்லிமீட்டர், ஆயுள் இரண்டு மூன்று வாரம். அதில் லின்-4 என்று ஒரு மரபணு. அது பழுதானால் புழு முதல் பருவத்து வேலையையே திரும்பத் திரும்பச் செய்யும், ஒரே வகுப்பில் மறுபடி மறுபடி உட்காரும் பிள்ளை மாதிரி. முட்டையிடும் உறுப்பே உருவாகாது. குஞ்சுகள் தாயின் உடலுக்குள்ளேயே பொரிந்துவிடும். இந்த மரபணு புரதம் எதையும் தயாரிப்பதில்லை, துக்கடா ஆர்என்ஏ (மரபணுவிலிருந்து நகலெடுக்கப்படும் மூலக்கூறு) ஒன்றைத்தான் தருகிறது, அது லின்-14 என்ற இன்னொரு மரபணுவை அடக்கி வளர்ச்சியை அடுத்த கட்டத்துக்கு நகர்த்துகிறது என்று 1993இல் தெரிந்தது. விஞ்ஞானிகள் விக்டர் ஆம்ப்ரோஸும் கேரி ருவ்குனும் 2024இல் மருத்துவ நோபல் வாங்கியது இதற்குத்தான். மருத்துவ நோபல், கவனியுங்கள்! 2005இல் இன்னொன்றும் வெளிவந்தது: லின்-4 இல்லாத புழு சீக்கிரம் சாகிறது, கூடுதலாகச் சுரந்தால் அதிக நாள் வாழ்கிறது. வளர்ச்சிக்கு நேரம் குறிக்கும் அதே மரபணு ஆயுளிலும் கை வைக்கிறது.

சரி, பிழைப்பு? பட்டம், முதுகலை, பிஎச்.டி. என்று பத்து வருடம் ஆகும். மறைக்க விரும்பவில்லை. முனைவர் பட்ட காலத்தில் ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆய்வாளர் தகுதி கிடைத்தால் மாதாமாதம் உதவித்தொகை வரும். நடுவில் நிறுத்தினாலும் மருந்து நிறுவனம், பரிசோதனைக்கூடம், பி.எட். முடித்து ஆசிரியப் பணி என்று வழியுண்டு. ஐசர் (இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனம்) நுழைவுத் தேர்வுக்கு இப்போதே தயாராகட்டும். அதில் கணக்கும் உண்டு; அவள் கணக்கு இல்லாத குரூப் என்றால் இன்றே புத்தகத்தை எடுக்கச் சொல்லுங்கள். ஊர் தாண்ட மனமில்லையா? காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்திலும் இந்தப் புழுவை வைத்து ஆய்வு நடக்கிறது.

எனக்கு இருக்கும் சந்தேகம் வேறு. ஆயுள் சோதனை என்றால் நுண்ணோக்கியில் குனிந்து, ஒவ்வொரு புழுவையும் பிளாட்டினக் கம்பி நுனியால் தொட வேண்டும். அசைந்தால் உயிருண்டு. குஞ்சுகள் கலந்துவிடாமல் தாய்ப்புழுக்களை மட்டும் புதுத் தட்டுக்கு மாற்ற வேண்டும். கடைசிப் புழு சாகும்வரை, ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்து, இதே வேலைதான். இதை அவளிடம் அப்படியே படித்துக் காட்டுங்கள். அப்புறமும் வேண்டும் என்றால் எனக்கு எழுதுங்கள், விண்ணப்ப வேலையைப் பார்ப்போம்.