பினாங்கில் ராட்சதப் பூசணி: பிஞ்சு ஏன் கொட்டுகிறது?

கேள்வி: பாலிக் புலாவில் வீட்டுக்குப் பின்னால் 20 அடிக்கு 20 அடி இடத்தில் ஜூலையில் அட்லாண்டிக் ஜயண்ட் என்ற ராட்சதப் பூசணி ரகத்தின் விதை போட்டேன். கோழி எரு நிறைய, கூடவே யூரியா. கொடி நன்றாகப் படர்ந்துவிட்டது, ஆனால் பிஞ்சு முட்டை அளவில் மஞ்சளாகிக் கொட்டுகிறது. ஒன்றே ஒன்று தேங்காய் அளவு வந்தது, அதுவும் அடியில் அழுகிப்போனது. எங்கள் தாமானில் (குடியிருப்பில்) சித்திரைப் புத்தாண்டுக்குப் பெரிய பூசணிப் போட்டி வைக்கிறார்கள். விதை இன்னும் கொஞ்சம் இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: அண்ணே, அந்த ஜூலைக் கொடியைப் பிடுங்கிவிடுங்கள். செப்டம்பர், அக்டோபர் நம் பக்கம் மழை கொட்டுகிற மாதங்கள், அதில் மகரந்தம் நனைந்துவிடும், தேனீயும் வராது. முட்டை அளவில் மஞ்சளாகி விழுவது பெரும்பாலும் மகரந்தம் சரியாகச் சேராத பிஞ்சுதான். மட்காத கோழி எருவும் யூரியாவும் சேர்ந்து கொடியை இலை பக்கமே ஓட வைத்திருக்கும். அழுகிய காயை வெட்டிப் பார்த்தீர்களா? உள்ளே புழு இருந்தால் அது பழ ஈ வேலை, இல்லையென்றால் ஈர மண்ணில் உட்கார்ந்ததுதான் காரணம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்த ரகத்தைக் கனடாவில் நோவா ஸ்கோஷியாவின் வின்ட்சர் ஊரைச் சேர்ந்த ஹோவர்ட் டில் உருவாக்கினார். 1981-ல் அவர் உலக சாதனை படைத்த காயே சுமார் 224 கிலோதான். அதற்குப் பிறகு வருஷா வருஷம் நல்ல காயின் விதையை எடுத்து, நல்ல கொடிகளை ஒன்றோடொன்று மகரந்தம் சேர்த்து, 2023-ல் கலிபோர்னியாவில் 1,247 கிலோ, 2025-ல் இங்கிலாந்தில் 1,278 கிலோ என்று வந்து நிற்கிறார்கள். அங்கே கோடையில் பகல் 15, 16 மணி நேரம் நீளும், இரவு குளிரும். நமக்குப் பகல் 12 மணி நேரம்தான், இரவிலும் 23, 24 டிகிரி பக்கம்தான் இருக்கும், பகலில் இலை சேர்த்த சர்க்கரையில் ஒரு பங்கைக் கொடி இரவுச் சூட்டில் சுவாசித்தே தீர்த்துவிடும். அதனால் அந்த எடையை மனதில் வைத்து எரு கொட்டாதீர்கள். பாலிக் புலாவில் 50, 60 கிலோ வந்தாலே நல்ல காய், 100 வந்தால் ஊரே வந்து பார்க்க வேண்டிய காய்.

நம்மால் மாற்ற முடிவது பருவம். காய் பெருக்கும் நாட்கள் ஜனவரி, பிப்ரவரி வறட்சியில் விழ வேண்டும். நவம்பர் நடுவில் விதையைத் தொட்டியில், கூரைக்கடியில் போடுங்கள், ஜனவரி நடுவில் பெண் பூ வரும், ஏப்ரல் முதல் வாரத்தில் காய் தயார். அதுவரை விதையைக் காற்றுப் புகாத டப்பாவில் குளிர்பெட்டியில் வையுங்கள்.

மண் வேலையை இப்போதே தொடங்குங்கள். நம் மண் பெரும்பாலும் புளிப்பு, அமிலநிலை (pH) 6.5 பக்கம் வர வேண்டும், சோதித்துவிட்டு உரக்கடையில் ஜிஎம்எல் (மக்னீசியம் உள்ள சுண்ணாம்புக்கல் தூள்) வாங்கிக் கலந்தால் அது வேலை செய்யச் சில வாரம் ஆகும். நன்றாக மட்கிய எருவை அக்டோபரில் சேருங்கள், பாத்தியை ஒரு அடி உயர்த்துங்கள். தண்ணீர் தேங்கினால் வேர் போய்விடும், அப்புறம் எந்த உரமும் உதவாது. யூரியாவை மறந்துவிடுங்கள். பிஞ்சு நிற்கும் வரை 15:15:15 உரம் (தழை, மணி, சாம்பல் சத்து இந்த விகிதத்தில்) கொஞ்சம், நின்ற பிறகு சாம்பல் சத்து கூடிய 12:12:17.

கொடி ஓடும்போது கணுக்களை மண்ணால் மூடுங்கள், ஒவ்வொரு கணுவிலும் வேர் விடும், எடை அங்கிருந்துதான் வரும். பக்கக் கொடிகள் உங்கள் இடத்துக்கு 8, 9 அடி போதும், நுனியை வெட்டிவிடுங்கள், அவற்றிலிருந்து கிளைப்பதை விடவே விடாதீர்கள்.

பிஞ்சு நிற்க வைப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. முதன்மைக் கொடியில் சுமார் 10 அடி தாண்டி வரும் பெண் பூவைத் தேர்ந்தெடுங்கள். மறுநாள் மலரப்போகும் மொட்டின் நுனி முந்தின மாலையே மஞ்சளாகத் தெரியும், அதையும் இரண்டு மூன்று ஆண் மொட்டுகளையும் நூலால் லேசாகக் கட்டிவையுங்கள். காலை விடிந்த கையோடு கட்டை அவிழ்த்து, ஆண் பூக்களின் இதழை உரித்துவிட்டு, பெண் பூ நடுவில் உள்ள சூல்முடியின் மடல் ஒவ்வொன்றிலும் படும்படி தடவுங்கள். ஒரு மடல் விட்டுப்போனாலும் காய் கோணலாக வளரலாம், அல்லது விழலாம். அப்புறம் அதன் மேல் குடை ஒன்றை நட்டு, நிழலில் பனிக்கட்டிப் பாட்டில் இரண்டை மதியம் வரை வையுங்கள். வெயில் கடுமையான ஊர்களில் வளர்ப்பவர்கள் இதைச் செய்கிறார்கள், முதல் சில நாள் சூடு குறைந்தால் பிஞ்சு தாங்கும். இரண்டு மூன்று நிற்கட்டும், பத்து நாளில் எது வேகமாகப் பெருக்கிறதோ அதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அறுத்துவிடுங்கள். மனசு வராது, ஆனால் செய்தே ஆக வேண்டும்.

பழ ஈக்கு எல்லோரும் மெத்தில் யூஜினால் என்ற கவர்ச்சி மருந்தைப் பொறியில் தொங்க விடுகிறார்கள். அது மாம்பழ ஈக்கு. பூசணியைக் குத்தும் ஈக்குக் கியூ-லூர் என்று கேட்டு வாங்குங்கள், தோல் கெட்டியாகும் வரை காய்க்கு வலைப்பையும் போடுங்கள். இலையில் மாவு தூவினாற்போல் வெள்ளையாகச் சாம்பல் நோய் வந்தால் கந்தகம் அடிக்கலாம், ஆனால் வெயில் ஏறிய பிறகு அடித்தால் இலை கருகும்.

காயின் அடியில் ஆற்று மணல் கனமாகப் பரப்புங்கள், வைக்கோல் நம் ஈரத்தில் அழுகும். காய்க்கு மட்டும் நிழல்வலை, இலைக்கு வெயில் வேண்டும். தண்ணீரைச் சொட்டு நீராகத் தினமும் ஒரே அளவில் விடுங்கள். காய்ந்து கிடந்து திடீரென்று பெருமழை பெய்தால் காய் வெடிக்கும், உள்ளே இருக்கும் பொந்து வரை வெடித்த காயைப் பெரும்பாலான போட்டிகளில் எடை போட மாட்டார்கள்.

உங்கள் போட்டியில் எந்த ரகமும் செல்லுமா என்று கேளுங்கள். செல்லும் என்றால் சந்தையில் விற்கும் லாபு (சாதாரணப் பூசணி) விதையும் ஒன்றை ஓரத்தில் போட்டுவையுங்கள், அது வேறு இனம், நம் சூட்டை நன்றாகத் தாங்கும். மண் சோதனை முடிவு வந்ததும் எண்ணை அனுப்புங்கள், எவ்வளவு சுண்ணாம்பு என்று சொல்கிறேன்.