வினாக்கொத்து தயாரிப்பது பற்றி: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

இலங்கையின் மலையகத் தேயிலைத் தோட்டப் பகுதிகளில் ஆய்வு செய்கிறவர்களிடம் வினாக்கொத்து, அதாவது ஆய்வுக்கான கேள்வித்தாள், பற்றிய சந்தேகங்களைக் கேட்டிருந்தேன். நிறையவே வந்திருக்கின்றன. ஒரே கேள்வி பலரிடமிருந்து வந்திருந்தால் ஒரு தடவைதான் பதில் சொல்கிறேன்.

ஹட்டன், இறுதியாண்டு மாணவி: அக்கா, மாத வருமானத்துக்கு "20,000க்குக் குறைவு, 20,000 முதல் 40,000 வரை, 40,000க்கு மேல்" என்று மூன்று பெட்டி போட்டிருக்கிறேன். போதுமா?

போதாது தங்கச்சி. கொழுந்து பறிக்கிற ஓர் அம்மாவிடம் இதைக் கேட்டால் அவர் மனதுக்குள் என்னென்ன கணக்குப் போட வேண்டும் என்று பாருங்கள். போன மாதம் எத்தனை பேரு (ஒரு நாள் சம்பளத்துக்கான பதிவு) விழுந்தது, எத்தனை நாள் அரைப்பேரு, நோர்முக்கு (ஒரு நாளில் பறிக்க வேண்டிய அளவுக்கு) மேல் பறித்த கிலோ எவ்வளவு, ஞாயிற்றுக்கிழமை கைக்காசு (பறித்த கிலோவுக்குக் கையில் தருகிற காசு) எவ்வளவு? இதையெல்லாம் கூட்டி, ஈபிஎப் (ஊழியர் சேமலாப நிதி) 8 சதவீதம், தொழிற்சங்கச் சந்தா, அட்வான்ஸ் எல்லாம் கழிக்க வேண்டும். வாசலில் நின்றபடி யாராலும் இது முடியாது. வாய்க்கு வந்த தொகையைச் சொல்வார். ஒருவர் கைக்கு வந்ததைச் சொல்வார், பக்கத்து வீட்டுக்காரர் கழிவுக்கு முந்தியதைச் சொல்வார். நீங்கள் இரண்டையும் ஒரே பெட்டியில் போடுவீர்கள்.

கூட்டிக் கழிப்பது உங்கள் வேலை. அவரிடம் துண்டு துண்டாகக் கேளுங்கள். முதலில் பேரு, பிறகு மேலதிகக் கிலோ, பிறகு கைக்காசு. சம்பளச் சீட்டு இருந்தால் பார்க்கலாமா என்று கேளுங்கள். கொழும்புக் கடையில் நிற்கிற மகன் அனுப்புவது, மரக்கறி விற்பது, பால் ஊற்றுவது எல்லாம் தனித்தனிக் கேள்விகள். "போன மாதம்" என்று மட்டும் போடாமல் மாதத்தின் பெயரையே எழுதுங்கள். பத்தாம் திகதி சம்பளம் வருகிற தோட்டத்தில், ஐந்தாம் திகதி போனால் ஒரு மாதத்தையும் பதினைந்தாம் திகதி போனால் வேறு மாதத்தையும் சொல்வார்கள். அச்சுக்குக் கொடுக்கும் முன் பத்துப் பேரிடம் கேட்டுப் பாருங்கள், இதுதான் முன்சோதனை.

பண்டாரவளை: "லயத்தில் குடிநீர், மலசலகூட வசதிகள் திருப்தியா?" என்ற கேள்வி சரியா?

லயம் என்கிற வரிசை வீடுகளில் தண்ணீர் ஒழுங்காக வருகிறது, மலசலகூடம் உடைந்து கிடக்கிறது என்றால் அவர் என்ன சொல்வது? இரண்டாகப் பிரியுங்கள்.

நுவரெலியா, ஆசிரியர்: படிக்காத வயதானவர்களிடம் ஐந்து நிலை லிக்கர்ட் அளவையை ("மிகவும் திருப்தி" முதல் "திருப்தியே இல்லை" வரை) வாசித்துக் காட்டினால் கடைசியில் சொன்னதையே திருப்பிச் சொல்கிறார்களே?

நல்ல கேள்வி சேர். லிக்கர்ட் 1932இல் அந்த அளவையை எழுதியது தாளைக் கையில் வைத்துத் தாங்களே நிரப்புகிறவர்களுக்கு. கண்ணால் பார்க்கும்போது முதலில் உள்ள பதில்களுக்கும், காதால் கேட்கும்போது கடைசியில் உள்ளவற்றுக்கும் சாய்வு ஏற்படுவது பல ஆய்வுகளில் கண்டது. வாசித்துக் காட்டுவதென்றால் இரண்டு படியாக்குங்கள். "திருப்தியா, இல்லையா, இரண்டுமில்லையா?" அப்புறம், "கொஞ்சமா, ரொம்பவா?" கடைசியில் அதே அளவைதான் கிடைக்கும், ஆனால் யாரும் ஐந்து பதிலை மனதில் வைத்திருக்கத் தேவையில்லை.

மஸ்கெலியா: தோட்டத்துச் சாராயக் கடை பற்றி "மூட வேண்டுமா?" என்று கேட்பதா, "நடத்த விடக்கூடாதா?" என்று கேட்பதா? இரண்டும் ஒன்றுதானே?

ஒன்றில்லை. அமெரிக்காவில் ரக் என்பவர் 1941இல் இதைக் காட்டினார். ஜனநாயகத்துக்கு எதிரான பேச்சை "அனுமதிக்கக் கூடாது" என்றவர்கள் 62 சதவீதம். "தடை செய்ய வேண்டும்" என்றவர்கள் 46 சதவீதம்தான். பாதிப் பேரிடம் ஒரு வடிவத்தையும் மீதிப் பேரிடம் மற்றதையும் கேளுங்கள். முன்சோதனையை மறக்க வேண்டாம்.

ஹப்புத்தளை, கம்பளை, வட்டவளை: எத்தனை பேரிடம் கேட்க வேண்டும்? 384 போதுமா?

384 என்பது கிரெஜ்சி, மோர்கன் 1970இல் வெளியிட்ட அட்டவணையில் மொத்தம் பத்து லட்சம் பேர் இருந்தால் கேட்க வேண்டியவர்களின் எண்ணிக்கை. 300 பேர் என்றால் 169, 1,000 பேர் என்றால் 278. எல்லோருக்கும் தெரிவாகச் சம வாய்ப்பு இருந்தால்தான் அந்த அட்டவணை பொருந்தும். தெரிந்த நாலு தோட்டத்துக்குப் போய் ஆளுக்கொரு தாள் கொடுத்தால் பொருந்தாது. மிச்சத்தைப் புள்ளிவிபரவியல் விரிவுரையாளரிடம் கேளுங்கள்.

தலவாக்கலை: இனம் என்ற கேள்வியில் "இந்தியத் தமிழர்" என்று போடுவதா, "மலையகத் தமிழர்" என்று போடுவதா?

1911 குடிசன மதிப்பீட்டில்தான் இந்தியத் தமிழர் முதன்முறையாகத் தனியாக எண்ணப்பட்டார்கள். 1981இல் 8,18,656 பேர், 2012இல் 8,39,504 பேர். முப்பத்தொரு வருடத்தில் இவ்வளவுதானா கூடியது? பலர் தங்களை இலங்கைத் தமிழர் என்று பதிந்ததும் இதற்கு ஒரு முக்கிய காரணம். பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்து ஆட்களின் எண்ணிக்கையே மாறுகிறது. அதனால் பெட்டி போடாமல் கேளுங்கள். அவர் சொல்வதை அப்படியே எழுதுங்கள்.

கண்டி, மேலே உள்ளதற்கு: அப்படியானால் குடிசன மதிப்பீட்டோடு ஒப்பிட முடியாதே மிஸ்? ஆய்வுக்குப் பயனில்லை.

ஒப்பிடலாம். அவர் சொன்னதை எழுதிய பிறகு, "அரசாங்கப் படிவத்தில் எதைப் போடுவீர்கள்?" என்று இரண்டாவதாகக் கேளுங்கள். இரண்டு பதிலும் வேறுபடுகிற இடத்தில் உங்களுக்கு ஓர் ஆய்வே கிடைக்கும்.

தலவாக்கலை, மறுபடியும்: நாங்கள் இருநூறு வருடமாக இங்கே இருக்கிறோம். "இந்தியத்" என்ற சொல்லை ஆய்வாளர்களே நீக்க வேண்டாமா?

உங்கள் கோபம் நியாயம், எனக்கும் அதுதான். ஆனால் என் விருப்பத்தை வினாக்கொத்தில் எழுதினால் எனக்குப் பிடித்த பதில்தான் திரும்பி வரும். இலங்கைத் தமிழர் என்று சொல்கிற என் மலையக உறவினர்களும் அதைச் சும்மா சொல்லவில்லை. அவர்களையும் கேட்டாக வேண்டும்.

கண்டி: அப்போது மலையகத்தின் மொத்தத் தொகையைக் குறைத்துக் காட்டுவதாகாதா?

பெற்றோர், பாட்டன் எந்தத் தோட்டத்தில் வேலை செய்தார்கள் என்று கேளுங்கள். யாரும் விடுபட மாட்டார்கள். இத்தோடு விடுவோம், மற்றவர்களும் காத்திருக்கிறார்கள்.

பதுளை: கணவரின் குடிப்பழக்கம் பற்றிப் பெண்களிடம் கேட்க வேண்டும். தோட்டத் தலைவர் கூட வந்து அறிமுகப்படுத்துவதாகச் சொல்கிறார்.

அறிமுகம் செய்துவிட்டு அவர் திரும்பிப் போக வேண்டும். லயத்தில் ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு வீடு, இஸ்தோப்பில் (முன் விறாந்தையில்) பேசுவது நாலு வீட்டுக்குக் கேட்கும். மரக்கறிப் பாத்திப் பக்கம் நடந்தபடி கேளுங்கள். பெண்ணிடம் பெண்தான் கேட்க வேண்டும். கணவர் வந்துவிட்டால் உடனே பிள்ளைகளின் படிப்புக்குத் தாவ ஒரு மாற்றுப் பக்கம் தயாராக இருக்கட்டும். அந்தப் பெண் அடி வாங்கினால் ஆய்வு எதற்கு? இன்னொன்று, வார நாளில் பத்து மணிக்குப் போனால் அந்தப் பெண் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருப்பார். லயத்தில் கிழவர்களும் பிள்ளைகளும்தான் பதில் சொல்வார்கள்.

நோர்வூட்: கூகுள் ஃபோம் செய்து வட்ஸ்அப்பில் அனுப்பினால் போதாதா?

யாரிடம் ஸ்மார்ட் ஃபோன் இருக்கிறதோ அவர்களின் கருத்து கிடைக்கும். 1936இல் லிட்டரரி டைஜஸ்ட் என்ற பத்திரிகை சுமார் ஒரு கோடிப் பேருக்குத் தபாலில் அனுப்பி, 20 லட்சத்துக்கும் மேல் பதில் வாங்கி, அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலில் ரூஸ்வெல்ட் தோற்பார் என்றது. அவர் அபாரமாக வென்றார், பதில் அனுப்பியவர்கள் எல்லா வாக்காளர்களையும் போன்றவர்கள் இல்லை.

கொட்டகலை: எத்தனை பேரிடம் கேட்க வேண்டும்?

மேலே பாருங்கள்.

புசல்லாவ: வயது தெரியாத பாட்டிகளிடம் வயதை எப்படிக் கேட்பது?

முதலில் அடையாள அட்டையைக் காட்டச் சொல்லுங்கள். பழைய அட்டை எண்ணில் முதல் இரண்டு இலக்கம் பிறந்த வருடம். அடுத்த மூன்று இலக்கம் வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது, பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருக்கும். ஆனால் பதிவு செய்யும்போது அந்த வருடத்தையே குத்துமதிப்பாகப் போட்டவர்கள் உண்டு. அதனால் நிகழ்ச்சிகளை வைத்தும் கேளுங்கள். 1964இல் தோட்டத் தமிழரின் குடியுரிமை பற்றி இலங்கையும் இந்தியாவும் செய்த சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் வந்தபோது கொழுந்து பறிக்கப் போனாரா, பிள்ளைக்காம்பராவில் (தோட்டத்துக் குழந்தைகள் காப்பகத்தில்) இருந்தாரா? 1975இல் கம்பனித் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தபோது கல்யாணமாகியிருந்ததா, மூத்த பிள்ளை பிறந்திருந்ததா? இரண்டு மூன்று பதில் ஒத்துப்போனால் அதை எழுதுங்கள். ஒத்துப்போகாவிட்டால் ஐந்து வருட இடைவெளியாகப் பதியுங்கள். இந்தக் கேள்விகளையும் முன்சோதனையில் சேருங்கள். உங்கள் தோட்டத்தில் எந்த நிகழ்ச்சி நினைவில் நிற்கிறது என்பது அங்கேதான் தெரியும்.