கரண்ட் நின்றால் சம்ப் தாங்குமா?

கேள்வி: 120 செ.மீ. நீளம், 50 அகலம், 50 உயரத்தில் பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி அமைக்கிறேன். கீழே, சுத்திகரிப்புக் கருவிகள் வைக்கும் துணைத் தொட்டியாக 90 × 40 × 40 செ.மீ. சம்ப் போதுமா? அதில் எவ்வளவு உயரம் தண்ணீர் நிறுத்தலாம்?

பதில்: போதும். 23 செ.மீ. வரை நிறுத்தலாம். ஆனால் சம்பிலிருந்து பம்ப் தண்ணீரை மேலே அனுப்பும் ரிட்டர்ன் குழாயின் வாயை எங்கே வைக்கப்போகிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. சம்ப் வழிவதும் வழியாததும் அதில்தான் இருக்கிறது.

பம்ப் ஓடும்போது மேல் தொட்டியில் தண்ணீர், அது வழிந்து சம்புக்கு இறங்கும் ஓவர்ஃப்ளோ விளிம்பைவிட ஒன்றிரண்டு செ.மீ. உயர்ந்து நிற்கும். கரண்ட் போனதும் அது இறங்கிவிடும். 2 செ.மீ. என்றால் 12 லிட்டர். இது பெரிய விஷயமில்லை. ரிட்டர்ன் வாய் நீர்மட்டத்துக்கு 5 செ.மீ. கீழே இருந்தால் அந்தக் குழாயே சைஃபனாக மாறி, அதாவது பம்ப் இல்லாமலே தண்ணீரைத் தானாக இழுத்து, 30 லிட்டரைக் கீழே கொண்டுவரும். சம்பில் மட்டம் சுமார் 8 செ.மீ. ஏறி, 31-இல் நிற்கும். அதே வாய் 10 செ.மீ. ஆழத்தில் இருந்தால் இறங்குவது 60 லிட்டர். மட்டம் ஏறக்குறைய 40-ஐத் தொடும், குழாய்களில் மிச்சம் இருப்பது தரைக்குத்தான் வரும்.

ஆகவே வாயை மேற்பரப்பை ஒட்டியே வையுங்கள். குழாயில், நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே 5 மி.மீ. துளை போட்டால், மட்டம் அங்கே இறங்கியதும் காற்று புகுந்து சைஃபன் அறுந்துவிடும். சுண்ணாம்புப் பாசியோ ஒரு குட்டி நத்தையோ அந்தத் துளையை அடைத்துவிடும். மாதம் ஒருமுறை குத்திச் சுத்தம் செய்யுங்கள். ஒருவழி வால்வை மட்டும் நம்பி இருக்காதீர்கள், அதுவும் இதே பாசியால்தான் மூடாமல் போகும்.

கணக்கு சரியா என்று பார்க்க, தண்ணீர் நிரப்பிய முதல் நாளே பம்பை நிறுத்துங்கள். மட்டம் ஏறி நின்ற இடத்துக்கும் விளிம்புக்கும் நடுவே குறைந்தது 4 செ.மீ. இருக்கட்டும். பிறகு பம்பை ஓடவிட்டு, அப்போது நிற்கும் மட்டத்தில் டேப் ஒட்டுங்கள். எந்தக் காரணத்துக்காகவும் அந்தக் கோட்டைத் தாண்டி நிரப்பக் கூடாது.

கேள்வி: குமிழ்களைப் பிடிக்கச் சம்பில் மூன்று தடுப்புக் கண்ணாடிகள் வைத்தும் மேல் தொட்டியில் நுண்குமிழ்கள் நிற்கவில்லை. இடைவெளி 1.5 செ.மீ., சம்பின் அகலம் 40 செ.மீ., ஓட்டம் மணிக்கு 2,000 லிட்டர்.

பதில்: இடைவெளி குறுகல், ஓட்டம் அதிகம். உங்கள் கணக்கில் தண்ணீர் அந்தச் சந்துக்குள் நொடிக்கு 9 செ.மீ. வேகத்தில் பாய்கிறது. நுண்குமிழ் அவ்வளவு வேகமாக மேலே ஏறாது, தண்ணீரோடு சேர்ந்து அடியில் நுழைந்து அடுத்த அறைக்குப் போய்விடும். இடைவெளியை 4 செ.மீ. ஆக்கி, ஓட்டத்தை 1,200 லிட்டருக்குக் குறைத்தால் வேகம் 2 செ.மீ. அளவுக்கு வரும். சம்ப் வழியே மணிக்குத் தொட்டியின் கொள்ளளவைப் போல 3 முதல் 5 மடங்கு ஓடினால் போதும். பவளங்களுக்கு வேண்டிய அலையை தொட்டிக்குள் வைக்கும் அலை பம்ப் தரட்டும்.

மேல் தொட்டியிலிருந்து சம்புக்கு வரும் இறங்கு குழாயின் முனையையும் பாருங்கள். சம்ப் நீருக்குள் 2–3 செ.மீ. மட்டும் முங்கியிருக்க வேண்டும். வெளியே தொங்கினால் சலசலப்பும் குமிழும். ரொம்ப ஆழத்தில் இருந்தால் குழாய்க் காற்று வெளியேறாமல், பம்பை மறுபடி போடும்போது சைஃபன் பிடிக்கவே தாமதமாகும். ஸ்கிம்மர் (அழுக்கை நுரையாகப் பிரித்து ஒரு கோப்பையில் சேர்க்கும் கருவி) புதிது என்றால் ஓரிரு வாரம் பொறுங்கள், அதன் குமிழ் தானே அடங்கும்.

கேள்வி: ஸ்கிம்மர் ஒரு நாள் பொங்கி வழிகிறது, மறுநாள் கோப்பை காய்ந்து கிடக்கிறது. ரிட்டர்ன் பம்புக்குப் பக்கத்தில்தான் வைத்திருக்கிறேன்.

பதில்: கோளாறு இடத்தில்தான். ஆவியாகும் தண்ணீரின் குறைவு முழுதும் ரிட்டர்ன் பம்ப் இருக்கும் கடைசி அறையில்தான் தெரியும். அந்த அறை 25 × 40 செ.மீ. என்றால் 1 லிட்டருக்கு 1 செ.மீ. இறங்கும். ஸ்கிம்மரை, தடுப்பின் உயரம் மட்டத்தைக் கட்டிப்போடும் முதல் அறைக்கு மாற்றுங்கள். தயாரிப்பாளர் சொல்லும் ஆழத்துக்கு ஏற்பத் தடுப்பை வெட்டுங்கள். ஹீட்டரும் அங்கேயே இருக்கட்டும். கடைசி அறையில் வைத்தால், அந்த அறை வற்றும்போது ஹீட்டர் வெளியே தெரிந்து சூடேறி வெடிக்கும்.

ஆவியான அளவுக்கு உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீரைத் தானியங்கி மிதவை வைத்து ஊற்றலாம். சேமிப்புக் கேனை மட்டும் பெரிதாக வைக்காதீர்கள். மிதவை சிக்கி 15 லிட்டரும் கொட்டினாலும் 340 லிட்டர் அமைப்பில் உப்பு ஆயிரத்தில் 35 பங்கிலிருந்து 33.5-க்குத்தான் இறங்கும். 60 லிட்டர் கேன் என்றால் 30-க்குக் கீழே போகும், சம்பும் வழியும்.

கேள்வி: கண்ணாடி சம்பில் அக்ரிலிக் தடுப்பு ஒட்டலாமா?

பதில்: வேண்டாம். சிலிக்கான் அக்ரிலிக்கைச் சரியாகப் பிடிக்காது. தண்ணீரை உறிஞ்சி அக்ரிலிக் கொஞ்சம் விரியவும் செய்யும். 6 மி.மீ. கண்ணாடியே போடுங்கள். பூஞ்சைத் தடுப்பு மருந்து கலக்காத சிலிக்கான் வாங்கி, ஒட்டி ஒரு வாரம் உலரவிட்டுத் தண்ணீர் விடுங்கள்.