வகுப்பு வைத்தும் அதே தப்புகள்தான்!

கேள்வி: எங்கள் கிளினிக்கில் டாக்டர் இருவர், நர்ஸ் மூவர், லேப் டெக்னீஷியன் ஒருவர், ரிசப்ஷனில் இருவர். மாதம் ஒருமுறை வேலை முடிந்ததும் ஒரு மணி நேரம் வகுப்பு வைக்கிறோம். பாதிப் பேர் வருவதில்லை. வந்தவர்களும் மறுவாரமே பழைய தப்பைச் செய்கிறார்கள். ரிசப்ஷனில் இருப்பவர்கள் "எங்களுக்கு எதற்கு இதெல்லாம்?" என்கிறார்கள். ஆர்வத்தை எப்படி வரவழைப்பது?

பதில்: ஆர்வம் இருக்கட்டும், முதலில் நேரத்தை மாற்றுங்கள். நாள் முழுக்க நின்று வேலை பார்த்தவருக்கு அந்த ஒரு மணி நேரம் சம்பளமில்லாத ஓவர்டைம். வாரம் ஒரு நாள், 15 நிமிடம், வேலை நேரத்துக்குள்ளேயே வையுங்கள். அன்றைக்கு முதல் அப்பாயின்ட்மென்ட்டை 15 நிமிடம் தள்ளிக் கொடுங்கள். அந்த இடத்தை முன்கூட்டியே அடைத்து வைக்காவிட்டால், மூன்றாவது வாரமே அதில் யாராவது ஒரு நோயாளி உட்கார்ந்திருப்பார்.

ஒரு தடவைக்கு ஒரே வேலை; அதையும் கையால் செய்து பார்க்க வேண்டும். பிரஷர் பார்ப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். "தெரிந்ததுதானே" என்பார்கள். ஒருவர் இன்னொருவருக்குப் பார்க்கட்டும், மற்றவர்கள் கவனிக்கட்டும். 5 நிமிடம் ஓய்வாக உட்கார வைத்தாரா? முதுகு சாய்ந்திருக்கிறதா, பாதம் தரையில் பதிந்திருக்கிறதா, கை இதய மட்டத்தில் இருக்கிறதா? நடுவில் பேச்சுக் கொடுத்தாரா? பெரும்பாலும் சறுக்குவது கையில் சுற்றிக் கட்டும் பட்டையில், அதாவது கஃப்பில்தான். உள்ளே இருக்கும் காற்றுப்பை கையின் சுற்றளவில் 80 சதவீதத்தையாவது சுற்றி வர வேண்டும். பருத்த கைக்குச் சின்ன கஃப் கட்டினால் அளவு கூட்டிக் காட்டும். அதை நம்பித் தேவையில்லாமல் மருந்தும் கூடும். இந்தக் காரணம் தெரிந்தவர் பெரிய கஃப்பை எழுந்து போய் எடுத்து வருவார். "பெரிய கஃப் போடு" என்று மட்டும் கேட்டவர், அவசரத்தில் கைக்கு எட்டியதைக் கட்டிவிடுவார்.

தலைப்புகளை நீங்கள் யோசிக்க வேண்டாம், உங்கள் கிளினிக்கே கொடுக்கும். ஒரு நோட்டுப் போட்டு, சறுக்கியதை எழுதி வைக்கச் சொல்லுங்கள். யார் செய்தார் என்பது வேண்டாம். ரத்தம் உறையாமலிருக்க மருந்து போட்ட ஊதா மூடி டியூபிலேயே ரத்தம் உறைந்துபோய் லேப் திருப்பி அனுப்பியதா? அந்த வாரப் பாடம் அதுதான். ரத்தம் எடுத்தவுடன் டியூபை 8 முதல் 10 தடவை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். குலுக்கினால் சிவப்பணுக்கள் உடைந்து, அந்த ரத்த மாதிரியும் கெட்டுப்போகும். ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும்: அந்த நோட்டைக் காட்டி ஒரே ஒருவரைத் திட்டினாலும் போதும், அடுத்த பக்கம் வெள்ளையாகவே கிடக்கும்.

ரிசப்ஷனுக்குப் பாடம் இல்லையா? நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், வாய் கோணுதல், ஒரு பக்கக் கை கால் பலவீனம் என்று போன் வந்தால் நாளைக்கு அப்பாயின்ட்மென்ட் கொடுக்கவே கூடாது. உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடச் சொல்லிவிட்டு, டாக்டரிடமும் தெரிவிக்க வேண்டும். இதை ஒருவர் நோயாளியாகவும் ஒருவர் ரிசப்ஷனாகவும் பேசிப் பழகட்டும். அடுத்தது பெயர் கேட்பது. "நீங்கள் இன்னார்தானே?" என்றால் காது சரியாகக் கேட்காதவரும் "ஆமாம்" என்றுதான் தலையாட்டுவார். பெயரையும் பிறந்த தேதியையும் அவர் வாயாலேயே சொல்ல வைக்க வேண்டும்.

சொல்லிக் கொடுத்ததை ஒரு மாதம் கழித்து, வேலை நடக்கும்போதே ஒருமுறை பாருங்கள். இதயம் நின்றுபோனவருக்கு மார்பை அழுத்தும் முதலுதவி மட்டும் விதிவிலக்கு: அது சில மாதங்களிலேயே கை மறந்துவிடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பயிற்சிப் பொம்மையில் ஆளுக்கு 2 நிமிடம். நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 முதல் 6 செ.மீ. ஆழம், ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பிறகும் மார்பு முழுதாக மேலே வர வேண்டும்.

எல்லா வாரமும் டாக்டரே பாடம் எடுக்க வேண்டாம். முறை வைத்து எல்லோரும் எடுக்கட்டும், இரண்டு வாரம் முன்னாடியே சொல்லிவிடுங்கள். ஆனால் டாக்டர்கள் இருவரும் உட்கார்ந்து, தங்கள் முறைக்குக் கஃப் கட்டிக் காட்டியே ஆக வேண்டும். லீவில் இருந்தவருக்குக் குறிப்பை வாட்ஸ்அப்பில் தட்டிவிட்டால் அது படிக்கப்படாமலே கிடக்கும். அன்று கற்றவர்களில் ஒருவர், அவர் வேலைக்குத் திரும்பிய முதல் நாளே பக்கத்தில் நின்று செய்ய வைத்துப் பார்க்கட்டும்.